நெருப்பு முந்திய நாள்

ஒன்பதாம் அத்தியாயம்

கல்யாணமாகி வந்த அண்ணி நகை கேட்டிருந்தால் ஐரின் பொறுத்துக்கொண்டிருப்பாள். புடவை கேட்டிருந்தால் தன் பெட்டியிலிருந்தே எடுத்துக் கொடுத்திருப்பாள். மர்சலின் கேட்டது ஸ்பானர்.

"எனக்கும் இஞ்சின் வேலை கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்" என்று போன மாதம் சாப்பிடும்போது அவள் கேட்டாள். ஐரினின் அண்ணன் அகஸ்டின் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுச் சிரித்தான். மறுநாள் காலையில் ஷெட்டுக்குள் போன ஐரின், தன் காக்கிக் கோட்டை மாட்டுகிற ஆணியில் அண்ணிக்கென்று தைத்த புதுக் கோட்டு தொங்குவதைக் கண்டாள். ஐரினுடையதை யாரோ மடித்துப் பெஞ்சின் மேல் வைத்திருந்தார்கள்.

மடித்தது அழகாகத்தான் மடித்திருந்தது. அதனால் எரிச்சல் இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

சாந்தோமில், கடல் இரைச்சல் காதில் விழுகிற அந்த வீட்டில் இப்போது மூன்றே பேர்தான். தகப்பனார் ஆரோக்கியநாதன் வாத்தியார் காலமானதும் அகஸ்டின் கப்பல் கம்பெனி குமாஸ்தா உத்தியோகத்தை உதறிவிட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் ஆரம்பித்ததையும், 'வெள்ளைச் சட்டை வேலையை விட்டுட்டுக் கரியைப் பூசிக்கிறானே' என்று உறவுக்காரர்கள் முகம் சுளித்ததையும் முன்பே பார்த்தோம். அன்றைக்கு அவன் பக்கத்தில் நின்றவள் ஐரின் ஒருத்திதான். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. இப்போது இருபது. இடைப்பட்ட வருஷங்களில் அவள் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அந்தத் தகரக் கூரைக்கு அடியில் படித்ததுதான் அதிகம்.

பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலக்க வேண்டும். பெட்ரோல் கூடினால் கரும்புகை வரும், இஞ்சின் மூச்சுத் திணறும். குறைந்தால் இருமும். கலவை சரியாக இருந்தாலும் போதாது. அதில் நெருப்புப் பொறி விழுகிற நேரமும் சரியாக இருக்க வேண்டும். இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்திலேயே கண்டுபிடிக்க அண்ணன் அவளைப் பழக்கியிருந்தான். "என் தங்கச்சி காதுக்குத் தப்பி ஒரு சத்தமும் போக முடியாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

சொல்லுவான் என்பது பழைய கதை. தை மாதம் ராயபுரத்திலிருந்து மர்சலின் வந்த பிறகு அவன் அப்படிச் சொல்லி ஐரின் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை, ஷெட்டில் லஸ் சுந்தரராமன் வக்கீலின் பழைய திறந்த மோட்டார் நின்றுகொண்டிருந்தது. வக்கீல் மறுநாள் விடியற்காலையில் குடும்பத்தோடு காஞ்சிபுரம் போக வேண்டும். பெண்ணுக்கு வரன் பார்க்கிற காரியம். வண்டியோ பெட்ரோலைக் குடங்குடமாகக் குடித்தது. பாலம் ஏறினால் இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி டக்டக்கென்று அடித்தது. "இதை நீ சரிபண்ணிக் குடுத்தேன்னா, என் சிநேகிதாள் வண்டியெல்லாம் உங்கிட்டத்தான் வரும்" என்று வக்கீல் சொல்லியிருந்தார். சரிபண்ணாவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. பத்து நாளாக ஷெட்டுக்கு வேறு வண்டி வரவில்லை. பழைய கம்பெனியில் குமாஸ்தா இடம் ஒன்று காலியாக இருப்பதாக மாமா வேறு இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அகஸ்டின் இஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்தினான். நெருப்புப் பொறி விடுகிற பிளக் ஒன்றைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்து நீட்டினான். முனை முழுக்கக் கரி அப்பியிருந்தது.

'பெட்ரோல் ஜாஸ்தி' என்று ஐரின் சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் மர்சலின் குனிந்து பார்த்து, "காத்துப் போகாத அடுப்புல வெச்ச சட்டியோட அடி மாதிரி இருக்கே. காத்து பத்தலையா?" என்றாள்.

அகஸ்டின் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "கேட்டியா ஐரின்! நான் உனக்கு ஒரு வருஷம் தலைகீழா நின்னு சொன்னதை உங்க அண்ணி ஒரு சட்டியில சொல்லிட்டா!"

ஐரின் சிரித்துவைத்தாள். ஒரு வருஷம் ஆகவில்லை. இரண்டாவது நாளே அவள் சரியாகச் சொன்னாள். அன்றைக்கு அண்ணன் "சரி, அடுத்ததைக் கழட்டு" என்று மட்டும் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

பெட்ரோல் அளவை மாற்றுகிற திருகாணியை மர்சலின் பிடித்தாள். ஒரேயடியாகத் திருகப் பார்த்தாள். அகஸ்டின் தன் கையை அவள் கைமேல் வைத்து, "மெதுவா... அவசரப்படாதே... கால் சுத்துதான்" என்று திருப்பிக் காட்டினான். ஐரினுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தான். அவள் பெரியவளானதும் கைமேல் கை வைப்பதை நிறுத்தி, வாயால் மட்டும் சொல்லத் தொடங்கினான். அது நியாயந்தான். நியாயமாக இருந்தால் வலிக்கக் கூடாது என்று யார் சொன்னது?

"நான் லஸ் வரைக்கும் போய் ஒரு ஒயர் வாங்கிட்டு, வக்கீலையும் பாத்துட்டு வந்துடறேன்" என்று அகஸ்டின் கையைத் துடைத்துக்கொண்டான். "மர்சலின், நான் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் நீயே மாட்டிவை. இன்னிக்குத்தான் உனக்குப் பரீட்சை. ஐரின், நீ கையை வைக்காதே. பக்கத்துல நில்லு. அவ எதையாவது விட்டா மட்டும் சொல்லு."

கையை வைக்காதே. ஆறு வருஷத்தில் அந்தக் கொட்டகையில் அவள் கேட்டிராத வார்த்தை.

மர்சலின் வேலையை ஆரம்பித்தாள். ஜெபமாலை சொல்லுகிறவள் மாதிரி உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. பிளக்குகளைச் சுரண்டித் துடைத்து மாட்டினாள். பொறி உண்டாகிற பாயிண்ட் இரண்டுக்கும் நடுவே மெல்லிய தகட்டைச் செருகி இடைவெளி பார்த்தாள். ஒயர்களை வரிசை மாறாமல் சொருகினாள். ஒரு தடவை தப்பாகச் சொருகி, தானே கண்டுபிடித்து மாற்றினாள். நெற்றியில் விழுந்த மயிரை முழங்கையால் ஒதுக்கும்போது கன்னத்தில் கரி கோடு இழுத்தது. அதுகூட அவளுக்கு அழகாக இருந்தது. ஐரினால் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஐரினின் கண் ஸ்டியரிங் சக்கரத்துக்குப் போனது.

சக்கரத்துக்கு அடியில் சின்ன லீவர் ஒன்று உண்டு. நெருப்பை முந்தவோ பிந்தவோ விடுவது அதுதான். ஓடுகிற இஞ்சினுக்குப் பொறி முந்தி விழ வேண்டும். அதற்கு லீவர் கீழே இருக்கும். முன்னால் ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்றிக் கிளப்பும்போதோ லீவரை மேலே தள்ளிவிட வேண்டும். மறந்தால், இஞ்சின் முன்னால் சுழலுவதற்குப் பதில் பின்னால் உதைக்கும். கழுதை உதைத்தாலாவது நகர்ந்துகொள்ளலாம். ஹேண்டில் உதைத்தால் அதைப் பிடித்திருக்கிற கைக்குத்தான் அடி.

லீவர் கீழே இருந்தது. காலையில் ஓடிக்கொண்டிருந்த வண்டியை அகஸ்டின் அப்படியே நிறுத்தியிருந்தான்.

மர்சலின் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். முகத்தில் பயமும் சந்தோஷமும் கலந்திருந்தன.

"முடிஞ்சுது. ஐரின், கொஞ்சம் பாரேன். எதையாவது விட்டுட்டேனா?"

சொல்லுவதற்கு ஒரு வார்த்தை போதும்.

'அண்ணன் எப்படியும் பார்ப்பான்' என்று ஐரின் நினைத்தாள். ஹேண்டிலைத் தொடுவதற்கு முன்னால் லீவரைத் தொடாமல் அவன் ஒரு நாளும் இருந்ததில்லை. பார்ப்பான், பார்த்ததும் முகம் மாறும். "என்ன மர்சலின் இது? முக்கியமானதையே விட்டுட்டியே" என்பான். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை அவன் வாயால், அவளைப் பார்த்து, ஒரே ஒரு தரம் கேட்டால் போதும்.

"இல்லையே அண்ணி" என்றாள் ஐரின். "எல்லாம் சரியா இருக்கு."

வாசலில் டாக்ஸி வந்து நின்றது. வழியில் அகப்பட்ட மெஹபூப் அலியின் வண்டியில் அகஸ்டின் வந்து இறங்கினான். மெஹபூப் அலி ராயப்பேட்டைக்காரர், ஷெட் போட்ட நாளிலிருந்து பழக்கம். கூடவே உள்ளே வந்தவர் மர்சலினின் கோலத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, வூட்டுக்காரம்மாவே மிஷின் பூட்டிக்கினு கீறாங்க? ஷோக்கா கீது!" என்று சிரித்தார்.

அகஸ்டினுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒயரை மாட்டினான். நேரே வண்டியின் முன்பக்கம் போய் ஹேண்டிலைச் செருகினான்.

லீவர் பக்கம் போகவே இல்லை.

நிமிர்ந்து கேட்டான்: "ஐரின், நீ பாத்துட்டியா?"

"ம்" என்றாள்.

"அப்ப சரி. ஐரின் பாத்துட்டா நான் பாக்க வேண்டியதில்லை."

எத்தனை மாதமாக அவள் ஏங்கிக் கிடந்த வார்த்தை அது! இந்த நேரத்திலா வர வேண்டும்? 'அண்ணே, இரு' என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அகஸ்டினின் தோள் குனிந்து எழுந்தது.

வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஹேண்டில் பின்னால் சுழன்றது. அகஸ்டின் தரையில் உட்கார்ந்துவிட்டான். வலது மணிக்கட்டு, கைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கோணத்தில் தொங்கியது.

மர்சலின் ஓடிப்போய் அவனைத் தாங்கினாள். மெஹபூப் அலி, "யா அல்லா!" என்று தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டு ஓடினார். ஐரினும் ஓடினாள். ஆனால் அவள் ஓடியது அண்ணனிடம் இல்லை. அவள் கால்கள் அவளைக் கேளாமலே ஸ்டியரிங் பக்கம் போயின. கை தானாக நீண்டு லீவரை மேலே தள்ளியது.

தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். மர்சலின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கணந்தான். பிறகு மர்சலின் திரும்பிக்கொண்டு, "டாக்ஸியைத் திருப்புங்க பாய், சீக்கிரம்!" என்றாள்.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அகஸ்டின் நடுவில் உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் தங்கை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "லீவர்... லீவர் கீழே இருந்துதா?" என்றான்.

ஐரின் கண்ணை மூடிக்கொண்டாள். இதோ, அண்ணி இப்போது சொல்லப்போகிறாள். சொல்லட்டும். சொல்லிவிட்டால் தேவலை.

"நான்தாங்க மறந்துட்டேன்" என்றாள் மர்சலின். "மேலே தள்ளணும்னு நீங்க சொல்லிக் குடுத்தீங்க. நான்தான் மறந்துட்டேன்."

அகஸ்டினின் தலை மெல்ல மனைவியின் தோள் பக்கம் சாய்ந்தது. "அழாதே. முதல் தடவை யாருக்குத்தான் மறக்காது? நல்லவேளை, ஹேண்டிலைப் பிடிச்சது நீயில்லை. உன் கையா இருந்தா என்ன ஆகியிருக்கும்!"

ஐரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மயிலாப்பூர் வீடுகள் ஓடின. அவள் மனசுக்குள் நன்றி வரவில்லை. நிம்மதியும் வரவில்லை. தப்பைக்கூட அண்ணியே எடுத்துக்கொண்டுவிட்டாள், அதற்கும் ஆறுதல் வாங்கிக்கொண்டுவிட்டாள் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்து அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு, ஒன்றரை மாதம் கையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீடு திரும்பியபோது வக்கீலும் அவருடைய டிரைவர் ரகுபதியும் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா இது, கையில கட்டு!" என்று பதறினார் சுந்தரராமன். உண்மையாகவே பதறினார். ஆனால் அடுத்த மூச்சில், "அப்போ வண்டி? ஆத்துல எல்லாரும் விடியக்காலம் கிளம்பணும்னு மூட்டை கட்டிண்டு இருக்காளே. மாப்பிள்ளை ஆத்துக்காராகிட்ட நேரம் சொல்லியாச்சு!" என்றார்.

அகஸ்டின் நாற்காலியில் சாய்ந்தபடி, "அரை மணி நேரம் குடுங்க சார்" என்றான். பிறகு இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை.

மர்சலின் கோட்டைப் போட்டுக்கொண்டாள். ஐரின் பெஞ்சிலிருந்து தன்னுடையதை எடுத்துக்கொண்டாள்.

ரகுபதிக்கு ஹேண்டிலைத் தொடவே பயம். "ஏம்மா, அந்த லீவர் மேலதான கீது? நல்லாப் பாத்தியா? இன்னொரு தபா பாரு" என்று மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் சுற்றினான். இஞ்சின் பிடித்துக்கொண்டது. குடிகாரன் நடை மாதிரி தள்ளாடித் தள்ளாடி ஓடியது.

மர்சலின் திருகாணியில் கை வைத்தாள். ஐரின் கண்ணை மூடிக்கொண்டாள்.

"உள்ளே" என்றாள் ஐரின். "இன்னும் கொஞ்சம் உள்ளே. இருங்க... இருமுது பாருங்க. வெளியே எடுங்க. கால் சுத்து. போதும்."

தள்ளாட்டம் நின்றது.

"இப்ப பொறி" என்று ஐரின் லீவரைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கீழே இழுத்தாள். சத்தம் இறுகி, மெலிந்து, ஒரே சீராயிற்று. ஓரிடத்தில் அவள் முகம் சுளித்தாள். மர்சலின் அந்த முகத்தைப் பார்த்தே, பொறி வேளையை நிர்ணயிக்கிற மூடியை மயிரிழை திருப்பினாள். ஐரின் வாயால் சொல்லவே இல்லை. எப்படித் தெரிந்தது இவளுக்கு? அதுவும் பொறுக்கவில்லை.

இரண்டு பேரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு ரகுபதி அடையாற்றுப் பாலம் வரைக்கும் ஓட்டிப்பார்த்தான். மேட்டில் ஏறும்போது மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். டக்டக் சத்தம் வரவில்லை. ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது.

"பாலத்துல தேர் மாதிரி ஏறிச்சு சாமி!" என்று ரகுபதி இறங்கியதும் சொன்னான்.

வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "அகஸ்டின், மாம்பலத்துல புது வீடு கட்டிண்டு வந்திருக்கார் என் சிநேகிதர். பனகல் பார்க் பக்கத்துல. ரெண்டு வண்டி வெச்சிண்டு ரெண்டும் படுத்தறது. ஞாயித்துக்கிழமை யாரையாவது அனுப்பு. ஆமா, உன் கைதான் இப்படி இருக்கே, இந்த வண்டிக்கு யார் கை வெச்சா?"

"என் சம்சாரம் சார்" என்றான் அகஸ்டின். அந்த வலியிலும் முகம் மலர்ந்தது. "இன்னிக்குத்தான் முதல் தடவை. தங்கச்சியும் கூட நின்னா."

கூட நின்னா.

வண்டி தெருமுனை திரும்புகிறவரைக்கும் ஐரின் பொறுத்திருந்தாள். அதற்குமேல் முடியவில்லை. மனச்சாட்சி உறுத்தியதா, அண்ணியின் பெயருக்குக் கீழே தன் பெயர் மழுங்கிப்போவது பொறுக்கவில்லையா, அவளுக்கே தெரியாது. ஏதோ ஒன்று நெஞ்சிலிருந்து நெட்டித் தள்ளியது.

"அண்ணே, தப்பு அண்ணி மேல இல்ல. அண்ணிக்குத் தோணல, அவ்வளவுதான். எங்கிட்டக் கேட்டாங்க, எதையாவது விட்டுட்டேனான்னு. லீவர் கீழே இருக்கறதை நான் பாத்தேன். பாத்துட்டு, தெரிஞ்சே, சொல்லாம இருந்தேன்."

அகஸ்டின் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சிரித்தான். இடது கையால் அவள் தலையை ஆட்டினான்.

"அண்ணியைக் காப்பாத்தறியா? பைத்தியம்! அவளை நான் திட்டவே இல்லையே. அப்பா இருந்தா உன்னைப் பாத்து எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு, வலியில் முனகிக்கொண்டே உள்ளே படுக்கப் போனான்.

கிணற்றடியில் மர்சலின் மண்ணெண்ணெயும் சீயக்காயும் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐரின் போய் எதிரில் உட்கார்ந்தாள். கோயிலில் சாயங்கால மணி அடித்து ஓய்ந்தது.

"எல்லாம் காதுல விழுந்துது. அவர் நம்பல" என்றாள் மர்சலின், தலை நிமிராமல். "நான் நம்பறேன்."

ஐரின் சீயக்காயை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"உன் கை லீவருக்குப் போச்சே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் அண்ணி உங்க மேலே போட்டுக்கிட்டீங்க?"

"உனக்காகன்னு நினைச்சுக்காதே." மர்சலின் நிமிர்ந்தாள். கண்ணில் ஈரம் இல்லை. "நான் இந்த வீட்டுக்கு வந்து இன்னும் வருஷம் திரும்பல. அண்ணனும் தங்கச்சியும் அடிச்சுக்கிட்டாங்கன்னா, ஊர்ல யாரைச் சொல்லுவாங்க? வந்தவளைத்தானே? அந்தப் பேர் எனக்கு வேண்டாம். என் கணக்குக்குத்தான் பொய் சொன்னேன்."

ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். கரி போகவில்லை.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். எனக்கு இஞ்சின் மேல என்ன ஆசை? எங்க ராயபுரத்து வீட்டுல தையல் மிஷினுக்கு எண்ணெய் விடறதுன்னாலே நான் ஓடிப்போயிடுவேன். இங்க வந்த நாள்லேருந்து பாக்கறேன். அந்த மோட்டார் மூடியைத் தூக்கிட்டா நீங்க ரெண்டு பேரும் வேற ஊருக்குப் போயிடறீங்க. நீ தலையை ஒரு பக்கம் சாய்ப்பே. அவருக்கு எல்லாம் விளங்கிடும். நான் காபியை வெச்சுக்கிட்டு ஓரமா நிப்பேன். ஆறி அவலாப் போனப்புறம் 'அங்க வெச்சிடு'ம்பார். என் முகத்தைக்கூடப் பாக்க மாட்டார். வயிறு எரியும் ஐரின். ராத்திரி தூக்கம் வராது. அதனாலதான் ஸ்பானரைக் கேட்டேன்."

ஐரின் அவளையே பார்த்தாள். இத்தனை நாளாகத் தன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டதாகத் தான் நினைத்திருந்த அண்ணி, பிடுங்குவதற்கு வந்தவள்தான் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறாள். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு நாள் தன்னிடத்தில் பொறாமைப்படவும் ஒருத்தி இருந்திருக்கிறாள் என்ற நினைப்பு, வெட்கங்கெட்ட ஒரு குளிர்ச்சியாக நெஞ்சில் இறங்கியது.

"மாம்பலத்துக்கு நீ போ" என்றாள் மர்சலின். "என்னால சத்தத்தைக் கேட்டுச் சொல்ல முடியாது. அதுல நீதான். ஆனா ஒரு கை உடைஞ்சிருக்கு. அது உங்க அண்ணன் கை மட்டும் இல்ல, என் புருஷன் கை. அதை நான் இன்னும் மன்னிக்கல. மன்னிச்சதும் சொல்லுறேன்."

"ஐரின்!"

உள்ளேயிருந்து அகஸ்டினின் குரல்.

"ஐரின், கொஞ்சம் இங்க வா. நீ மட்டும்."

மர்சலின் சட்டென்று தலையைத் திருப்பி வாசற்படியைப் பார்த்தாள். இமைக்கிற நேரந்தான், உதடு ஒரு பக்கம் இறுகிப் பிறகு தளர்ந்தது. கண்ணாடியில்கூடப் பார்த்திராத தன் முகத்தை ஐரின் அங்கே கண்டாள். ஒரு மாதமாக ஷெட்டில் தான் எப்படி நின்றிருப்போம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அறையில் இன்னும் விளக்கேற்றவில்லை. கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு அகஸ்டின் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். படுக்கப் போனவன் படுத்ததாகவே தெரியவில்லை.

"கதவைச் சாத்திட்டு உக்காரு" என்றான். "அப்பச் சொன்னியே, அதை முதல்லேருந்து மறுபடி சொல்லு. இந்தத் தடவை நான் சிரிக்க மாட்டேன்."